வார்டு கவுன்சிலர் பென்ஷனை உயர்த்த முடியாது

"நம்ம வார்டு வேட்பாளர் ஜெயிச்சா முதியோர் பென்ஷன் கூடும், பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் வாத்தியார் வருவார், போலீஸ் ஸ்டேஷனில் ஆள் சேர்ப்பாங்க" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மூன்றுமே மாநகராட்சியின் கையில் இல்லை.

முதியோர் பென்ஷன் தேசிய அரசின் பணம், சஸ்ஸா (SASSA) என்ற தேசிய உதவித்தொகை அமைப்பு வழியாக வருவது. அரசு ஆசிரியர்களை நியமிப்பது மாகாணக் கல்வித் துறை. போலீஸ் ஸ்டேஷன் தேசியக் காவல்துறைக்குக் கீழே. மெட்ரோ போலீஸ்தான் மாநகராட்சியுடையது.

அப்படியென்றால் வேட்பாளரிடம் என்னதான் கேட்பது? 1996 அரசியலமைப்பின் 4, 5-ஆம் அட்டவணைகளில் பட்டியலே இருக்கிறது: குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின் விநியோகம், குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, சுடுகாடு. இதெல்லாம் சில்லறை விஷயமா? 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றவர்களைக் கேளுங்கள். துண்டறிக்கையில் வடிகால் பற்றி ஒரு வரிகூட இல்லாத வேட்பாளரை நான் நம்பமாட்டேன்.

ஜெயித்தாலும், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கொண்ட ஈத்தெக்வினி (டர்பன் மாநகராட்சி) கவுன்சிலில் அவருக்கு ஒரே ஓட்டு.

பென்ஷன்காரர்களுக்குக் கவுன்சில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டு வரித் தள்ளுபடி. பட்ஜெட் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு மார்ச் முடிவதற்குள் கவுன்சிலுக்கு வரும். அதன்பின் பொதுமக்கள் கருத்து எழுதிக் கொடுக்கலாம்.