கடல் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதற்கு முன்

நம் குமரி மாவட்டத்துக் குளச்சலிலோ முட்டத்திலோ மீன்பாடு குறைந்ததைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர்களில் யாராவது ஒருவர், "கடல் பெரிது, அதிலுள்ள உயிர்கள் எந்தச் சூழலுக்கும் தம்மை மாற்றிக்கொள்ளும்" என்று ஆறுதல் சொல்வதைக் கேட்கிறேன். அதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லாமல் விடுவது நம் கடற்கரை ஊர்களுக்குச் செய்யும் தீங்கு என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

உண்மையான பாதி பெரும் வியப்புக்குரியது. 1988இல் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் என்னும், ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியா, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வரிசையாக நிற்கக்கூடிய அளவுக்குச் சிறியது. ஆனாலும் வெயில் படும் மேல்நீருக்கு ஒரு வகையும், அடியில் மங்கிய நீல ஒளிக்கு இன்னொரு வகையுமாக அது பிரிந்து நிற்கிறது. சத்துக் குறைந்த நீரில் பிழைப்பதற்காகத் தன் மரபணுத் தொகுதியையே சுருக்கிக்கொண்டதால், மேல்நீர் வகைக்கு இருப்பவை ஏறத்தாழ 1,700 மரபணுக்கள்தாம். பாஸ்பரஸ் அரிதான இடத்தில், அந்தத் தனிமம் கலந்த கொழுப்புக்குப் பதிலாக, கடல்நீரில் தாராளமாகக் கிடைக்கும் கந்தகத்தைக் கொண்ட கொழுப்பால் தன் உயிரணுச் சவ்வைக் கட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நச்சை முறிக்கும் நொதியைக்கூட அது கைவிட்டுவிட்டது. சுற்றி வாழும் மற்ற பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்துவிடுவதால், அதற்கு அந்தச் செலவு மிச்சம். இன்னொரு பக்கம், அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத நீரில், நைட்ரேட்டைக் கொண்டே சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

ஆனால் இந்தத் தகவமைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூழலுக்கு உரியவை. 2009 முதல் 2013 வரை தாரா என்னும் பாய்மரக் கப்பல் இந்தியப் பெருங்கடல் உட்பட உலகக் கடல்களில் எடுத்த நீரை ஆராய்ந்தபோது, ஒளி படும் மேல்நீரில் எந்த நுண்ணுயிர்கள் கூடி வாழும் என்பதைத் தீர்மானிப்பதில் வெப்பநிலைக்கே முதலிடம் என்று தெரிந்தது. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரோகுளோரோகாக்கஸ் பெருகும் வேகம் சரிகிறது என்று காட்டியது. செலவைக் குறைக்க மரபணுக்களை உதறிய உயிருக்கு, வெப்பத்தைத் தாங்கும் கருவிகளும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நமக்கு மேற்கே, தென்கிழக்கு அரபிக்கடலின் மேல்நீர் சித்திரை, வைகாசியில் 30 டிகிரியைத் தொடுகிறது என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நுண்ணுயிர்கள் அழிந்துவிடும் என்பது என் கவலை அன்று. ஓர் இனம் தளர்ந்தால் அந்தச் சூழலுக்கு ஏற்ற இன்னோர் இனம் அந்த இடத்தைப் பிடிக்கும். கடல் உயிருடன்தான் இருக்கும். அந்த உயிர் சாளை (மத்தி) மீனாக மாறுமா என்பதே கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே எழுவதால், சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகள் நம் கரையோரத்தில் செழிக்கின்றன. சாளைக்கு அவை முக்கிய உணவு. டயாட்டம்களுள் ஃபிராஜிலேரியா ஓசியானிக்கா என்ற இனத்தின் பெருக்கம் சாளை மிகுதியின் அறிகுறி என்று 1955இலேயே இந்திய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேல்நீர் சூடேறினால் அது இலேசாகி, கனமான அடிநீரோடு கலக்காமல் மேலேயே தங்கிவிடும். சத்து மேலே வருவது குறையும். சத்துக் குறைந்த நீரில் வெல்பவை மிகச் சிறிய உயிரணுக்கள். அவற்றைச் சிற்றுயிர்கள் தின்று, அவற்றைச் சற்றே பெரியவை தின்று, மீன் வரைக்கும் போய்ச் சேரும் வழி நீளமானது. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி ஆற்றல் வீணாகும்.

இது வெறும் ஊகமன்று. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கு அரபிக்கடலின் குளிர்காலப் பெருக்கத்தில் டயாட்டம்களின் இடத்தை நாக்டிலூக்கா என்ற உயிரி பிடித்துக்கொண்டது. தன் உடலுக்குள் பச்சைப் பாசியைக் குடிவைத்து, அதன் உணவில் வாழ்ந்தபடியே டயாட்டம்களையும் விழுங்கும் அந்த உயிரியின் தகவமைப்பு அசாத்தியமானது. ஆனால் அதைத் தின்று பெருகுபவை பெரும்பாலும் சால்ப், சொறி (ஜெல்லிமீன்) போன்ற கூழுடல் உயிரிகள். அவற்றை எந்த ஏலக்கூடத்தில் விற்பது?

இன்று நம் மீனவர்களுக்குக் கிடைக்கும் மீன்வளப் பகுதி அறிவிப்பு, செயற்கைக்கோள் காட்டும் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு தயாராகிறது. அது பயனுள்ளது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பச்சையம் டயாட்டமுடையதா, வேறொன்றுடையதா என்பது அறிவிப்பைப் பெறும் மீனவருக்குத் தெரியாது. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் வாரந்தோறும் நீர் எடுத்து, உருப்பெருக்கியில் இனம் பிரித்து எண்ணி, அந்தக் கணக்கைத் துறைமுகப் பலகையிலேயே எழுதி வைப்பது நம் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைகளால் இயலாத வேலையன்று. பெருஞ்செலவும் ஆகாது. வேண்டுவதெல்லாம் ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் செய்யும் உறுதி. மீன்வளத் துறையும் கல்லூரிகளும் இதை வரும் தென்மேற்குப் பருவத்துக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.