அலாஸ்கா கப்பலுக்கு முன் நான்கு நாள்தான் இருக்கிறதா? டெனாலியை விடுங்கள்

அலாஸ்கா கப்பலில் ஏறுவதற்கு முன் மூன்று நான்கு நாள் தரையில் சுற்றிவிட்டு ஏறலாம் என்று திட்டம் போடும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அலாஸ்காவின் பெரிய ஊரான ஆங்கரேஜில் இறங்கியதும் வடக்கே டெனாலி மலையும் தேசியப் பூங்காவும் இருக்கும் பக்கம் ஓடாதீர்கள். தெற்கே போங்கள்.

இதைச் சொன்னதற்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. "மதுரைக்குப் போயிட்டு மீனாட்சியைப் பார்க்காம வர்ற மாதிரி இருக்கு" என்றார் கொழுந்தனார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனாட்சி கோயிலில் நடை எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்று தெரியும். டெனாலி மலைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 20,310 அடி உயரம், தன் மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மலை. கோடையில் வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தரிசனம் என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்லும் கணக்கு. மலையைப் பார்த்தவர்கள் அதற்கென்று டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரமும் சாதாரணமில்லை. ஆங்கரேஜிலிருந்து பூங்கா வாசலுக்கு 240 மைல் அளவு. காரில் நான்கரை மணி நேரம், ரயிலில் ஏழு மணி நேரத்துக்கு மேல். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் உங்கள் காரை 15ஆவது மைலோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் பூங்காவின் பேருந்துதான். பள்ளிக்கூடப் பேருந்து போன்ற வண்டியில் போக வர ஐந்து மணி நேரம். உள்ளே சாலை மொத்தம் 92 மைல். 2021 ஆகஸ்டில் பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு மோசமானதால் பாதி வழியிலேயே, 43ஆவது மைல் பக்கம், பேருந்துகள் திரும்ப ஆரம்பித்தன. அங்கே பாலம் கட்டுகிறார்கள். நீங்கள் போகும் சமயத்தில் எதுவரை விடுகிறார்கள் என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். போக ஒரு நாள், பேருந்துக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். எழுபது வயது மாமனார், மூட்டுவலி மாமியார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் பிள்ளை. இவர்களை வைத்துக்கொண்டு மூன்று நாளும் ஏதோ ஒரு வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதற்கா இவ்வளவு செலவு? கரிபு மான், கிரிஸ்லி கரடியைக் காட்டில் வைத்தே பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு டெனாலி அருமையான இடம்தான், மறுக்கவில்லை. அவர்கள் ஏழெட்டு நாள் ஒதுக்கிக்கொண்டு போகட்டும். வானம் தெளிந்தால் ஆங்கரேஜ் கடற்கரையில் நின்றே அந்த மலை தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பக்கம் போகுமுன் அடிப்படையான இரண்டு விஷயம். கப்பல் டிக்கெட்டில் ஆங்கரேஜ் என்று போட்டிருக்கும். அதை நம்பி ஆங்கரேஜில் துறைமுகத்தைத் தேடக் கூடாது. கப்பல் பெரும்பாலும் கிளம்புவது விட்டியரிலிருந்தோ சூவர்டிலிருந்தோதான். ஆங்கரேஜிலிருந்து விட்டியர் 60 மைல், சூவர்ட் 127 மைல். உங்கள் கப்பல் எந்த ஊரிலிருந்து என்று தெரியாமல் ஒரு ஹோட்டலும் போடாதீர்கள்.

இரண்டாவது, கனடா விசா. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கும் நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இந்தப் பக்கமிருந்து தெற்கே வரும் கப்பல் வான்கூவரில் போய் முடியும். அமெரிக்க விசிட்டர் விசா வைத்திருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு அங்கே தனியாகக் கனடா விசா வேண்டும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் வேண்டாமே என்று நினைப்பீர்கள். அந்தக் கப்பலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நின்றுவிட்டுத்தான் வரும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்க ஊர்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886இல் போட்ட சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டையும் கார்டையும் காட்டினால் போதும். பெரியவர்களுக்குக் கைரேகை, புகைப்படம் எல்லாம் உண்டு. அவர்கள் அமெரிக்கா வந்த பிறகும் இங்கிருந்தே கொடுக்கலாம். இருந்தாலும் ஊரிலேயே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மாமனார் மாமியாரை மட்டும் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மகன் மட்டும் அவர்களோடு நின்றுவிட, மருமகளும் பிள்ளைகளும் போய் வந்தார்கள். அந்த வீட்டில் அலாஸ்கா என்ற பேச்சை இன்றுவரை யாரும் எடுப்பதில்லை.

தரைப் பயணம் முன்னாலா பின்னாலா என்று கேட்பவர்களுக்கு: கண்ணை மூடிக்கொண்டு முன்னால். விமானம் தாமதமானாலும் கப்பல் தப்பாது என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம், ஒரு வாரம் கப்பலில் மூன்று வேளையும் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டுப் பழகிய குடும்பத்தை அதற்குப் பிறகு காரில் ஏற்றி ஊர் சுற்ற வைக்க யாராலும் முடியாது. முதலில் அலைந்துவிட்டு, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலில் ஏறிப் படுத்துவிட்டால் அதன் சுகமே தனி.

கப்பல் கம்பெனிகளே தரைப் பயணத்தையும் சேர்த்து விற்கிறார்கள். பெட்டியை அவர்களே தூக்குவார்கள், ரயில், தங்கும் இடம் எல்லாம் அவர்கள் ஏற்பாடு. ஓய்வு பெற்ற தம்பதி இரண்டு பேர் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஆறேழு பேர் குடும்பத்துக்கு ஒத்து வராது. காசு தலைக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே போகும். காரும் சமையலறை உள்ள ஒரு வீடும் எடுத்தால் தலைக்கணக்கு கிடையாது. அதோடு விடிகாலையில் பெட்டியை வாசலில் வை, ஏழு மணிக்குப் பேருந்தில் ஏறு என்று நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பூஜை முடியாமல் காபி இறங்காது, காபி இறங்காமல் ஆள் அசையாது.

சரி, தெற்குச் சாலை. ஆங்கரேஜை விட்டதுமே ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் நிலத்துக்குள் கை மாதிரி நீளும் டர்ன்அகெய்ன் என்ற கடல். நடுவில் நூல் பிடித்த மாதிரி சாலையும் தண்டவாளமும். அமெரிக்காவிலேயே பெரிய ஓத ஏற்ற இறக்கம் உள்ள இடங்களில் இது ஒன்று. தண்ணீர் வடிந்து கிடக்கும்போது தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது மெல்ல நகர்ந்து நகர்ந்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஒரே அலையாக உள்ளே ஏறி வரும். சில நாள் ஆள் உயரத்துக்கு. அதன் மேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களும் உண்டு. எந்த நேரத்தில் வரும் என்று அட்டவணையே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் அலை பெரிதாக வரும். எங்கள் வீட்டில் போனில் நாள்காட்டியைப் பார்த்து நாளைச் சொன்னது அத்தைதான். நான் அட்டவணையைத் தேடிக் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் வடிந்ததும் கீழே சாம்பல் நிறத்தில் பளபளவென்று சேறு தெரியும். பிள்ளைகளுக்குப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். பனியாறு அரைத்துத் தள்ளிய பொடி மண் அது. கால் புதைந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஓதமோ வேகமாக ஏறும். கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நில்லுங்கள். பெலுகா பாயிண்டில் பாறை மேல் உட்கார்ந்தால் வெள்ளைத் திமிங்கிலம் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். கோடையின் கடைசியில் போனால் வாய்ப்பு அதிகம்.

கர்ட்வுட் தாண்டி போர்ட்டேஜ் பக்கம் போனால் சாலையோரம் பட்டை உரிந்து, சாம்பல் பூத்து, இலையில்லாமல் நிற்கும் மரக்கூட்டம் வரும். தீப்பிடித்த காடு என்று நினைத்தோம். 1964 மார்ச் 27, பெரிய வெள்ளியன்று 9.2 அளவில் அடித்த நிலநடுக்கத்தில் இங்கே நிலம் பல அடி கீழே இறங்கிவிட்டது. கடல்நீர் வேருக்குள் புகுந்து மரமெல்லாம் செத்தது. உப்பு ஏறியதால் மக்காமல் அப்படியே நிற்கிறது. போர்ட்டேஜ் ஊரையே கைவிட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே விலங்குக் காப்பகம் ஒன்று இருக்கிறது. கரடி, மூஸ், காட்டெருமை எல்லாம் பத்தடி தூரத்தில். "வேலிக்குள்ளே இருக்கறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்பவர்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இல்லாதவர்கள்.

சூவர்ட் போகும் எல்லோரும் ஆறு மணி நேரப் படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரிகுடாவைத் தாண்டியதும் கடல் ஆட்டம் போடும், பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அடுத்த நாளே கப்பல் ஏறிப் பனியாற்றுக்கு எதிரில்தான் நிற்கப் போகிறீர்கள். பஃபின் பறவை பார்க்க வேண்டுமா, ஊருக்குள்ளேயே சீலைஃப் சென்டர் என்ற கடல் உயிரினக் காட்சியகத்தில் கண்ணுக்கு நேரே நீந்துகிறது. அந்த நேரத்தை எக்ஸிட் பனியாற்றுக்குக் கொடுங்கள். ஊருக்குச் சற்று முன்னால் பிரியும் எட்டரை மைல் சாலை, காரிலேயே போகலாம். சக்கர நாற்காலி போகும் பாதையும் உண்டு. மே மாதத் தொடக்கத்தில் மட்டும் பனியால் சாலை மூடியிருக்கக்கூடும்.

அங்கே போகும் வழியிலும் நடைபாதையிலும் வெறும் ஆண்டு மட்டும் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். 1917, 1951 என்று. அந்த ஆண்டில் பனியாற்றின் விளிம்பு அதுவரை இருந்தது என்று அர்த்தம். 1951 பலகை பக்கத்தில் மாமா நின்றுவிட்டார். அவர் பிறந்த வருஷம். பனி எங்கே என்று தேடினால் மரங்களுக்கு அப்பால், மலை மடியில் நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பேரன் தன் பிறந்த வருஷப் பலகையைத் தேடிக்கொண்டு முன்னால் ஓடினான், கிடைக்கவில்லை என்று கோபம் வேறு. கப்பலின் பத்தாவது மாடியிலிருந்து பனியாறு அழகான படமாகத்தான் தெரியும். இது காலால் நடந்து பார்க்கும் கணக்கு.

சாப்பாடு விஷயத்தில் ஆங்கரேஜை விட்டால் சைவத்துக்குத் திண்டாட்டம்தான். சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், பருப்புப்பொடி கையோடு கொண்டுபோங்கள். அரிசி, தயிர், காய்கறியை ஆங்கரேஜ் காஸ்ட்கோவிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திப் புளியோதரை சாப்பிடலாம், ஆனால் மிச்சத்தை மேசையிலோ காரிலோ விட்டுவிட்டுப் போகக் கூடாது. கரடிக்கு மோப்ப சக்தி அதிகம்.

ஜூனில் ராத்திரி பதினொன்றரைக்கும் வெளிச்சம். பிள்ளைகள் தூங்காது. டல்லஸ் நேரத்துக்கு மூன்று மணி நேரம் பின்னால் என்பதால் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும், அப்போதும் வெளிச்சம். தூங்கும்போது கண்ணை மறைத்துக் கட்டும் பட்டை வாங்குங்கள், ஜன்னலுக்கு ஒட்ட டேப்பும் கறுப்புத் துணியும் எடுத்துப் போங்கள்.

கடைசியாக கார். ஆங்கரேஜில் எடுத்த காரைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த வசதி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கட்டணம் தீட்டிவிடுவார்கள். சூவர்டை நடுவில் வைத்துச் சுற்றிவிட்டு, கடைசி ராத்திரி ஆங்கரேஜ் திரும்பி, காரைக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் ரயில். சூவர்ட் ரயில் காலை ஏழுக்கு முன்பே கிளம்பிவிடும், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்த வழியேதானே என்று நினைக்க வேண்டாம். போர்ட்டேஜுக்கு அப்புறம் தண்டவாளம் சாலையை விட்டுப் பிரிந்து, கார் போகாத பனியாறுகளை ஒட்டிப் போகிறது. விட்டியர் என்றால் ரயிலோ பேருந்தோ மலையைக் குடைந்த இரண்டரை மைல் சுரங்கத்துக்குள் நுழையும். ரயிலும் காரும் ஒரே ஒற்றைப் பாதையில் மாறி மாறிப் போகும் சுரங்கம். சாலை வழியாக உள்ளே போக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் விடுவார்கள், அதாவது ஒன்பதரை, பத்தரை, பதினொன்றரை என்று. ஐந்து நிமிடம் பிந்தினால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ரயிலில் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஜூலை மாத ரயில் இருக்கைகள் சீக்கிரம் போய்விடும், கப்பலுக்குப் பணம் கட்டிய அன்றே அதையும் போட்டுவிடுங்கள்.