தொழிலதிபர் எம்.எல்.ஏ.வின் வரலாறு படிவம் 26-இல் இருக்கிறது

சென்னையில் ஒரு தொழிலதிபர் எம்.எல்.ஏ. ஆகிவிட்டால், அவர் உழைத்து முன்னேறிய கதை போஸ்டரில் வந்துவிடும். கணக்கு வழக்கோடு தெரிய வேண்டுமா? வேட்புமனுவோடு அவர் கொடுத்த சொத்து விவர உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26-ஐத் தேர்தல் ஆணையத் தளத்தில் இறக்கிப் பாருங்கள். காசு கிடையாது.

மொத்தச் சொத்தை விடுங்கள். பங்குகள் இருக்கும் வரிக்குப் போங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் சந்தை விலை போட வேண்டும். சந்தையில் இல்லாத சொந்தப் பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தக மதிப்பே போதும் என்கிறது படிவம். கிண்டியில் எப்போதோ கம்பெனி பெயரில் வாங்கிய இடம், புத்தகத்தில் அன்றைய விலையிலேயே இருக்கலாம். அதே இடம் அவர் பெயரில் இருந்தால் சர்வே எண், பரப்பு, வாங்கிய விலை, இன்றைய உத்தேச மதிப்பு எல்லாம் எழுதியாக வேண்டும். கோடீஸ்வரர் காகிதத்தில் சிறியவராகத் தெரிவது இங்கேதான். ஒரு பொய்கூடத் தேவையில்லை.

வேட்பாளரை நம்பி வாழும் 'சார்ந்தோர்' சொத்தையும் படிவம் கேட்கிறது. தனி வருமானம் உள்ள மகன் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் பெயருக்கு மாற்றிய பங்கு அடுத்த தேர்தல் படிவத்தில் இருக்காது. அதனால் இரண்டு தேர்தல் படிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்துக்குப் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்.

என் ஆதங்கம் அரசு ஒப்பந்தத்தில்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 9ஏ-படி, மாநில அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ வேலை எடுத்துச் செய்யவோ நடப்பில் ஒப்பந்தம் உள்ளவர் எம்.எல்.ஏ.வாக இருக்க முடியாது. வேலை முடிந்து பில் மட்டும் பாக்கி என்றால் அது நடப்பு ஒப்பந்தம் ஆகாது, அது நியாயம். பார்ட்னர்ஷிப் என்றால் பங்குதாரரும் மாட்டுவார். அரசு கேன்டீன்களுக்கு பீடி சப்ளை செய்த ஒரு பார்ட்னர்ஷிப்பின் பங்குதாரர், 1954-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நாடாளுமன்றப் பதவியை இழந்தார். பிரைவேட் லிமிடெட் மட்டும் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 99 சதவீதப் பங்கு அவருடையதாகவே இருந்தாலும், டெண்டர் எடுத்தது 'அவர் இல்லை'.

இப்போதைய படிவம் அந்தக் கம்பெனிகளின் அரசு ஒப்பந்தங்களையும் கேட்கிறது. எழுதிக் கொடுத்தால் போதும், பதவிக்கு ஆபத்தில்லை. இது போதாது. பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் ஒப்பந்தத்தையும் 9ஏ-வுக்குள் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் தொழில் செய்கிறவர்கள் அரசியலுக்கு வரமாட்டார்கள் என்கிறார்கள். ஏன் வரக்கூடாது? தொழிலைத் தாராளமாகச் செய்யட்டும். பதவியில் இருக்கும் ஐந்து வருடம் மாநில அரசு டெண்டரைத் தொடாமல் இருந்தால் போதும்.

படிவத்தில் தப்பு தெரிந்தால் தாமதிக்காதீர்கள். தொகுதி வாக்காளர் யாரும் தேர்தல் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போடலாம். ஜெயித்த பிறகு தன் பெயரில் ஒப்பந்தம் எடுத்திருந்தால் ஆளுநருக்குத்தான் மனு. தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே அவர் முடிவெடுக்க வேண்டும்.