அது நாட்டின் கடன் இல்லையே

அந்நிய நேரடி முதலீடு, அதாவது வெளிநாட்டு நிறுவனம் ஒரு நாட்டின் தொழிலில் நேரடியாகப் போடும் பணம், கடன் வடிவில் எந்த நாட்டில் அதிகமோ, அந்த நாடே ஆபத்தில் இருக்கிறது என்று ஒரு கட்டுரை முடிவு கட்டுகிறது. கொஞ்சம் அவசரம். இது அரசு வாங்கிய கடன் அல்ல. பெரும்பாலும் தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்குக் கொடுக்கும் உள்வீட்டுக் கடன். பங்காகப் போட்டால் வரி போக மிஞ்சிய லாபத்தில்தான் ஈவுத்தொகை. கடனாகக் கொடுத்தாலோ வட்டியைச் செலவில் எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் வட்டிக் கழிவுக்கு, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் 30% என்று பொதுவாக வரம்பு வைத்தது சும்மா இல்லை.

அப்புறம், துணை நிறுவனம் தாய்க்கே திருப்பிக் கடன் கொடுத்தால், உள்ளே வந்த முதலீட்டுக் கணக்கிலிருந்து அது கழிக்கப்படும். இந்த முதலீட்டைப் பற்றிய ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) பட்டியலில் சில இடங்களில் மைனஸ் எண் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். லக்சம்பர்க், நெதர்லாந்து மாதிரி பணம் நுழைந்து வெளியேறும் இடமென்றால் ஜிடிபியால் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியால்) வகுத்தாலும் ஒப்பீடு தேறாது.