அசல் எது, ரீமேக் எது? 'டெத் அட் எ ஃபியூனரல்' பற்றி ஒரு திருத்தம்

'டெத் அட் எ ஃபியூனரல்' என்ற பெயரில் இரண்டு நகைச்சுவைப் படங்கள் இருக்கின்றன. "கிறிஸ் ராக் நடித்த அமெரிக்கப் படம்தான் அசல், பிரிட்டிஷ்காரர்கள் அதைச் சுட்டார்கள்" என்று ஒரு பதிவில் சொல்லியிருப்பது தலைகீழ். ஃபிராங்க் ஆஸ் இயக்கிய பிரிட்டிஷ் படம் 2007-லேயே வந்துவிட்டது. நீல் லபூட் இயக்கிய அமெரிக்கப் படம் 2010. இரண்டுக்கும் திரைக்கதை டீன் க்ரெய்க், அதனால் 'சுட்டது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழப்பத்துக்குக் காரணம் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ். செத்துப்போன அப்பாவின் ரகசியத்தை வைத்து மகன்களிடம் பணம் கேட்கும் ஆளாக இரண்டிலும் அவரே வருகிறார். பாத்திரத்தின் பெயர் மட்டும் மாறும்: 2007-ல் பீட்டர், 2010-ல் ஃபிராங்க். கேட்கும் தொகையும் 15,000 பவுண்டிலிருந்து 30,000 டாலராகிவிடும். ஒரு காட்சித் துணுக்கை மட்டும் பார்த்தால் எந்தப் படம் என்று கண்டுபிடிக்க இதுவே சுலபமான வழி.

2007 படத்தில் வரும் சைமனைப் பற்றி அதே பதிவு சொல்லும் "சைமன் போதைக்காக மாத்திரை போட்டான்" என்பதும் தவறு. வருங்கால மாமனாரைச் சந்திக்கும் பதற்றத்தில் இருப்பவனுக்கு, பதற்றம் தணிக்கும் வேலியம் மாத்திரை என்று நம்பி, அவனைக் கட்டிக்கொள்ளப் போகும் மார்த்தாதான் கொடுக்கிறாள். அந்தக் குப்பியில் இருந்ததோ அவளுடைய சகோதரன் தயாரித்த மாயத்தோற்றம் தரும் மருந்து. லேபிளை நம்பிய அந்த ஒரு தப்புதான் சவப்பெட்டி கவிழ்வதிலிருந்து கூரைமேல் நிர்வாணமாக நிற்பதுவரை இழுத்துக்கொண்டு போகிறது. அவன் தெரிந்தே போட்டிருந்தால் அந்தக் காட்சிகளில் சிரிப்பே வராது.