கோல் விழுந்தா கத்தலாமா, வேண்டாமா?

களத்தில் கொடுத்த தீர்ப்பை வீடியோவில் பார்த்துச் சரிபார்க்கும் வீடியோ நடுவர் வந்த பிறகு கால்பந்தில் அநியாயம் குறைந்துவிட்டது என்று அதைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். குறைந்திருக்கலாம். கூடவே ஆட்டத்தின் உயிரும் குறைந்துவிட்டதே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா–சவூதி ஆட்டத்தைப் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடையில் நின்று பார்த்தோம். மதியம் மூன்றரை மணி ஆட்டம். லாட்டாரோ மார்ட்டினஸ் கோல் அடித்ததும் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி துள்ளிய துள்ளலில் பாதி டீ என் சட்டையில். அப்புறம் திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள், தோள்பட்டை ஓரம் கொஞ்சம் தள்ளி நிற்குதாம். ஆஃப்சைடு, அதாவது பந்து வரும்போதே எதிரணித் தடுப்பாளரைத் தாண்டி நின்றுவிட்டாராம்; கோல் கிடையாது. "அப்போ என் டீக்காசை யாருல தருவா?" என்றார் அண்ணாச்சி. அன்றிலிருந்து கோல் விழுந்தால் அவர் முதலில் நடுவரின் காதைத்தான் பார்க்கிறார், வீடியோ அறையிலிருந்து வரும் பேச்சைக் கேட்கக் கை அங்கே போகிறதா என்று.

சரி, தப்பாவது இல்லாமல் இருக்கிறதா? 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்தது நல்ல கோல். களத்தில் அதை ஆஃப்சைடு என்று மறுத்துவிட்டார்கள். வீடியோ அறையில் இருந்தவர்களோ களத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்து 'சரிபார்த்தாச்சு' என்று சொல்லிவிட்டார்கள். கோல் போனது போனதுதான்.

பந்து கையில் பட்டால் தப்பா இல்லையா என்கிற விதியைக் கேட்கவே வேண்டாம். 2019-ல் ஒரு மாதிரி, 2021-ல் வேறு மாதிரி. வ.உ.சி. மைதானத்தில் விளையாட வரும் பையன்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்க? கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிறான்கள், வாத்தியாரிடம் அடி வாங்கப் போகிறவன் மாதிரி.