பிட் ஃபிளாக்கை வெறும் எண்ணாக விட்டுவைப்பது ஏன்?

"கொஞ்சம் கவனமாக எழுதினால் போதும்" என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. அதுவும் லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஃபைல் சிஸ்டம் கோடில் பிட் ஃபிளாக் (ஒரு எண்ணின் ஒவ்வொரு பிட்டையும் ஆம்/இல்லை குறியாக வைத்துக்கொள்வது) என்று வந்துவிட்டால்.

ஒரு ஃபைலை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் இம்யூட்டபிள் ஃபிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மெமரியில் இருக்கும் ஐநோடில் (ஒரு ஃபைலைப் பற்றிய விவரங்களைக் கர்னல் வைத்திருக்கும் பதிவு) அதன் மதிப்பு 8. ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் டிஸ்க்கில் எழுதி வைக்கும்போது அதே ஃபிளாக் 16. டிஸ்க்கில் படித்த 16-ஐ மாற்றாமல் அப்படியே ஐநோடில் போட்டால் என்ன ஆகும்? அங்கே 16 என்றால் 'நீக்கப்பட்டுவிட்ட டைரக்டரி' என்று பொருள். பூட்டும் விழாது, இல்லாத ஒரு சாவும் பதிவாகிவிடும். சி கம்பைலர் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. அதற்கு இரண்டுமே முழு எண்கள், அவ்வளவுதான்.

இன்னொரு வகைப் பிழை இதைவிட மோசம். பிட்டின் வரிசை எண் கேட்கும் ஃபங்ஷனுக்கு மாஸ்க்கை (அந்த ஒரு பிட் மட்டும் 1 ஆக இருக்கும் எண்ணை) கொடுத்துவிடுவது. ஈஎக்ஸ்டி4-இன் எக்ஸ்டென்ட்ஸ் ஃபிளாக் 19-ஆவது பிட். மாஸ்க்காகச் சொன்னால் 5,24,288. 19 கேட்கும் இடத்தில் மாஸ்க்கைக் கொடுத்தால் அது 64 கேபி தள்ளி, யாருடையதோ தெரியாத மெமரியில் ஒரு பிட்டை ஏற்றிவிட்டு வரும். ஈஎக்ஸ்டி4-காரர்கள் இங்கே புத்திசாலிகள். வரிசை எண்ணும் மாஸ்க்கும் பொருந்தாவிட்டால், கோடைக் கர்னலாகத் தொகுக்கும் பில்டே நின்றுவிடும்படி சோதனை வைத்திருக்கிறார்கள். ஃபிளாக்கைத் தொடவும் தனி ஃபங்ஷன்கள் உண்டு.

தனி ஃபங்ஷன் எதற்கு, ஒரு வரியில் நேரடியாக எழுதிவிடலாமே என்பார்கள். ஈஎக்ஸ்டி4-இல் 2014-இல் சரிசெய்த பிழையைப் பாருங்கள். ஐநோடின் ஃபிளாக்குகளை முதலில் அழித்து, பிறகு திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடைப்பட்ட அந்தக் கண நேரத்தில் பூட்டிய ஃபைல் பூட்டில்லாமல் கிடந்தது. எல்லா இடத்திலும் நேரடியாக எழுதியிருந்தால் இதை எங்கெங்கே போய்த் திருத்துவது?

சரி, வகை குழப்பத்துக்கு என்ன வழி? கோடை ஓட்டிப் பார்க்காமலேயே சோதிக்கும் ஸ்பார்ஸ் என்ற கருவி இருக்கிறதே. ஃபிளாக்குக்குத் தனி பிட்வைஸ் டைப் (மற்ற எண்களோடு கலக்கக் கூடாத வகை) கொடுத்தால், வேறு தொகுதி ஃபிளாக்கைக் கலக்கும்போது அது எச்சரிக்கும். மெமரி ஒதுக்கீட்டு ஃபிளாக்குகளுக்கு இந்த ஏற்பாடு பல வருடங்களாக உண்டு. ஆனால் ஸ்பார்ஸைத் தனியாக ஓட்ட வேண்டும், பலர் ஓட்டுவதில்லை. அப்புறம், எச்சரிக்கை வந்தால் வகையைக் கட்டாயமாக மாற்றும் ஃபோர்ஸ் காஸ்ட் போட்டு வாயடைப்பவர்களும் உண்டு (அப்படி வரும் பேட்ச்சை, அதாவது கோட் திருத்தத்தை, பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்).

பழைய கோடை எல்லாம் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. புதிதாக ஒரு ஃபிளாக் தொகுதியைச் சேர்க்கும் பேட்ச் தனி டைப் இல்லாமல் வந்தால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் அதைத் திருப்பி அனுப்பட்டும்.